கழுகு இல்லாத கொடி: கொசோவோ கொடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிம்பிக் சமயத்திலோ பால்கன் பகுதியில் ஏதாவது கலவரம் என்று செய்தி வரும்போதோ கொசோவோ கொடியைப் பார்த்துவிட்டு நண்பர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்ட வரிசையிலேயே விட்டிருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன, சிலவற்றுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

இந்தக் கொடியில் என்னதான் இருக்கிறது?

நீலத் தரை. நடுவில் பொன்னிறத்தில் கொசோவோவின் வரைபடம். அதன் தலைக்கு மேல் வில்லாக வளைந்து ஆறு வெள்ளை நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து முனை, எல்லாம் ஒரே அளவு. உயரம் ஐந்து பங்கு என்றால் நீளம் ஏழு பங்கு. அவ்வளவுதான். எழுத்து, பறவை, வாள், பிறை, சிலுவை எதுவும் இல்லை.

2008 பிப்ரவரி 17 அன்று, செர்பியாவிடமிருந்து சுதந்திரத்தை அறிவித்த அதே நாளில், கொசோவோ நாடாளுமன்றம் இதை ஏற்றுக்கொண்டது.

ஆறு நட்சத்திரங்கள் யார் யாருக்கு?

கொசோவோவில் வாழும் ஆறு சமூகங்களுக்கு: அல்பேனியர், செர்பியர், போஸ்னியர், துருக்கியர், கோரானிகள், ரோமா மக்கள். ஆறாவதான ரோமா நட்சத்திரத்தில்தான் அஷ்காலிகளும், தங்களை எகிப்தியர் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு சிறு சமூகமும் சேர்கிறார்கள். மூன்று பேருக்கு ஒரு நட்சத்திரம். யான்யேவோ என்ற ஊரில் பல நூற்றாண்டுகளாக இருக்கும் குரோவேஷியர்களுக்கு நட்சத்திரமே கிடையாது.

மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அல்பேனியர்கள். கோரானிகள் 2011 கணக்கெடுப்பில் சுமார் 10,000 பேர். இரண்டு தரப்புக்கும் ஒரே அளவு நட்சத்திரம். அழகான எண்ணம்தான். ஆனால் தெருவில் இறங்கிக் கேட்டால் பெரும்பான்மையினருக்கு இது கொஞ்சம் உறுத்தும், சிறுபான்மையினர் பலருக்கு இது வெறும் காகிதச் சமத்துவம்.

இன்னொரு விளக்கமும் உலவுகிறது. அல்பேனியர்கள் வாழும் ஆறு நிலப்பகுதிகளைத்தான் ஆறு நட்சத்திரங்கள் குறிக்கின்றன, வெளியே சொல்வது வேறு என்று செர்பியத் தரப்பில் சிலர் சந்தேகத்தோடும், அல்பேனியத் தரப்பில் சிலர் கண்சிமிட்டலோடும் சொல்வார்கள். அதிகாரபூர்வமாக அப்படி எதுவும் இல்லை.

அல்பேனியர்கள் பெரும்பான்மை என்றால் அவர்களுடைய கழுகு ஏன் இல்லை?

வரக் கூடாது என்று, கொடியை வடிவமைக்க நடத்திய போட்டியின் விதியிலேயே எழுதியிருந்தார்கள். இந்தக் கொடியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த விதிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2007ல் ஐ.நா. தூதர் மார்ட்டி அஹ்திசாரி கொசோவோவின் எதிர்காலத்துக்கு ஒரு திட்டம் தந்தார். கொசோவோவுக்குத் தனிக் கொடி, முத்திரை, நாட்டுப்பண் இருக்கலாம், ஆனால் அவை அங்குள்ள எல்லா இனங்களையும் காட்ட வேண்டும் என்றது திட்டம். அந்த ஆண்டு ஜூனில் கொடிக்கான போட்டியை அறிவித்தபோது இதை இன்னும் இறுக்கினார்கள். இருதலைக் கழுகு கூடாது, அது அல்பேனியக் கழுகானாலும் சரி, செர்பியக் கழுகானாலும் சரி. சிவப்பும் கறுப்பும் மட்டுமே கொண்ட கொடி கூடாது, அது அல்பேனியா. சிவப்பு, நீலம், வெள்ளை மட்டுமே கொண்ட கொடியும் கூடாது, அது செர்பியா.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சண்டை போட்டுக்கொண்ட இரண்டு தரப்பின் சின்னமும் ஒரே பறவை. அல்பேனியர்களுடையது சிவப்புத் தரையில் கறுப்பு, செர்பியர்களுடையது வெள்ளை. இரண்டுமே பைசாந்தியப் பேரரசின் இருதலைக் கழுகிலிருந்து வந்தவை. பழந்தமிழில் இருதலைப் புள் என்றால் பிரியாத உறவுக்கு உவமை. பால்கனில் அதே பறவை இரண்டு கூடுகளில் இரண்டு நிறத்தில் வளர்ந்து, கடைசியில் இரண்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டன.

போதாக்குறைக்கு, கொசோவோ என்ற பெயரே ஒரு பறவையின் பெயரிலிருந்து வந்தது. செர்பிய மொழியில் 'கோஸ்' என்றால் ஐரோப்பியத் தோட்டங்களில் பாடித் திரியும் ஒரு கறுப்புச் சிறு பறவை. 'கொசோவோ பொல்யே' என்றால் அந்தப் பறவைகளின் வயல். 1389ல் செர்பிய இளவரசர் லாசரும் ஒட்டோமான் சுல்தான் முராதும் மோதி, இருவருமே உயிர்விட்ட போர்க்களம் அது. அந்தப் பாட்டுப் பறவையும் கொடிக்கு வரவில்லை.

கொடியை வடிவமைத்தது யார்? எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

போட்டிக்கு 993 வடிவங்கள் வந்தன. அவற்றிலிருந்து மூன்று நாடாளுமன்றத்துக்குப் போயின. முஹாமெர் இப்ராஹிமி அனுப்பியிருந்த வடிவம் ஒன்று. சில மாற்றங்களுடன் அதுதான் இன்றைய கொடி.

மற்ற இரண்டைப் பற்றித்தான் பலருக்கும் தெரியாது. இரண்டுமே கறுப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்று நெட்டுப் பட்டைகள் கொண்டவை. ஒன்று வெறும் பட்டை. மற்றதன் நடுவில் ஒரு சுருள் வட்டம், பழங்காலத்தில் அந்தப் பகுதியில் வாழ்ந்த டர்டானிய மக்களின் சுழலும் சூரியன் என்று சொல்லப்பட்ட சின்னம். கவனித்தீர்களா? 'சிவப்பும் கறுப்பும் மட்டும் கூடாது' என்பதுதானே விதி. நடுவில் ஒரு வெள்ளைப் பட்டையை நுழைத்துவிட்டால் விதியும் மீறப்படவில்லை, அல்பேனிய நிறமும் உள்ளே வந்துவிட்டது. வக்கீல் மூளை. ஆனாலும் உறுப்பினர்கள் நீலத்தையே எடுத்தார்கள். அங்கீகாரம் கேட்டு மேற்கு நாடுகளின் வாசலில் நிற்கப்போகிற ஒரு நாளில் வேறு எதை எடுத்திருப்பார்கள்?

நீலம் ஐரோப்பிய ஒன்றியத்தைக் காப்பியடித்ததுதானே?

காப்பி என்பது கடுமையான சொல். ஆனால் நீலம், பொன், நட்சத்திரம் மூன்றும் ஒன்றாக வந்தால் யார் நினைவுக்கு வருவார்கள் என்பது தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 2008 ஜூனில் ஏற்ற நாட்டுப்பண்ணின் பெயரே 'ஐரோப்பா'. மெஹ்தி மெங்ஜிகி இசையமைத்தது. அதற்கு வரிகள் இல்லை. எந்த மொழியில் எழுதினாலும் ஒரு தரப்பு கோபித்துக்கொள்ளும் என்பதால் வெறும் இசை. கொடியில் பறவை இல்லாததும் பண்ணில் சொல் இல்லாததும் ஒரே காரணத்தால்தான்.

இதற்கு அண்ணன் முறையில் ஒரு கொடி பக்கத்திலேயே இருக்கிறது. போஸ்னியா ஹெர்சகோவினாவின் நீலமும் மஞ்சளும் வெள்ளை நட்சத்திரங்களுமான கொடி. அங்கே மூன்று தரப்பும் ஒத்துவராததால் 1998ல் சர்வதேசப் பிரதிநிதி கார்லோஸ் வெஸ்டென்டோர்ப் தாமே அதை முடிவு செய்து அறிவித்தார். அந்தக் கொடிக்கு உள்ளூர் நாடாளுமன்றத்தின் வாக்கு இல்லை, கொசோவோ கொடிக்கு இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒரே அலுவலகத்தில் தயாரானவை போலத்தான் தெரிகின்றன.

கொடியில் வரைபடம் போடுவது நல்ல யோசனையா?

வடிவமைப்பாக எனக்குப் பிடிக்கவில்லை. அரசியலாகப் பார்த்தால், எல்லாக் கேள்விகளிலும் சுவையானது இதுதான்.

முதலில் வடிவம். நல்ல கொடி என்றால் பள்ளிக்கூடப் பிள்ளை நினைவிலிருந்து வரைய வேண்டும். ஜப்பான் கொடியை மூன்று வயதுக் குழந்தை வரையும். கொசோவோவை நான் வரைந்து பார்த்தேன். ஓரம் தேய்ந்த சாய்சதுரம் மாதிரி ஒன்று வந்தது. வடக்கே இபார் ஆற்றைத் தாண்டி நீளும் மூலையை விட்டுவிட்டேன், தெற்கே அல்பேனியாவுக்கும் வட மாசிடோனியாவுக்கும் நடுவே ஆப்பு போல இறங்கும் மூக்கும் காணாமல் போயிற்று. அந்த மூக்கில்தான் கோரானிகள் வாழ்கிறார்கள். ஆக, ஒரு நட்சத்திரக்காரர்களின் ஊரையே அழித்துவிட்டேன்.

துணியிலும் சிக்கல். ஒரு பக்கம் அச்சடித்தால் மறுபக்கம் நாடு கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறித் தெரியும். 1971 விடுதலைப் போரில் வங்காளதேசம் பயன்படுத்திய கொடியை நினைத்துப் பாருங்கள். சிவப்பு வட்டத்துக்குள் மஞ்சளில் நாட்டின் வரைபடம் இருந்தது. 1972 ஜனவரியில் அதை எடுத்துவிட்டு வெறும் வட்டமாக்கினார்கள். இன்று பார்க்கும்போது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது அந்தக் கொடி!

கொடியில் வரைபடம் வைத்திருக்கும் இன்னொரு நாடு சைப்ரஸ். 1960ல் அந்த நாட்டின் அரசியல் சாசனம் கொடியின் வடிவமும் நிறமும் நடுநிலையாக இருக்க வேண்டும் என்றது. கிரேக்க நீலமும் வேண்டாம், துருக்கிச் சிவப்பும் வேண்டாம் என்று செம்பு நிறத்தில் தீவின் வடிவம், கீழே ஒலிவக் கிளைகள். வடிவமைத்தவர் துருக்கிய சைப்ரஸ் சமூகத்தைச் சேர்ந்த ஓவிய ஆசிரியர் இஸ்மத் குனே. இரண்டு இனம் மோதும் இடத்தில் இரண்டு பேரின் சின்னத்தையும் தள்ளிவிட்டால் கையில் மிஞ்சுவது மண் மட்டும்தான். அந்த மண்ணை வரைந்துவிடுகிறார்கள்.

கொசோவோவில் அந்த மண்ணின் ஓரமே சண்டைக்குரியது. 2015ல் மாண்டினீக்ரோவுடன் எல்லை வரையறுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. நமது ஆயிரக்கணக்கான ஹெக்டேர் மேய்ச்சல் நிலம் போய்விடும் என்று எதிர்க்கட்சி கொதித்தது. நாடாளுமன்றத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கண்ணீர்ப்புகைக் குப்பிகள் வெடித்தன. வீசியவர்கள் காவலர்கள் அல்ல, உறுப்பினர்கள். அவைக்குள் புகை பரவ, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மற்ற உறுப்பினர்கள் ஓடும் படங்கள் அப்போது உலகமெங்கும் வந்தன. கடைசியில் 2018 மார்ச் 21 அன்றுதான் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு, கொசோவோ அதிபர் ஹாஷிம் தாச்சியும் செர்பிய அதிபர் அலெக்சாண்டர் வுச்சிச்சும் 'எல்லைத் திருத்தம்' பற்றிப் பேச, நிலத்தை மாற்றிக்கொள்ளப் போகிறார்களா என்று ஐரோப்பாவே பதறியது. ஜெர்மனி எதிர்த்தது, பேச்சு அடங்கிப்போனது. நடந்திருந்தால் கொடியையும் அல்லவா திருத்தித் தைக்க வேண்டியிருந்திருக்கும்?

2008க்கு முன் என்ன கொடி பறந்தது?

யார் ஆண்டார்கள் என்பதைப் பொறுத்தது.

யூகோஸ்லாவியாவில் கொசோவோ செர்பியக் குடியரசுக்குள் ஒரு தன்னாட்சி மாகாணம். 1968ல் அல்பேனிய மாணவர்களின் போராட்டம் வெடித்தது. அதற்குப் பிறகு அங்குள்ள அல்பேனியர்கள் தங்கள் இனக்கொடியை வெளிப்படையாக ஏற்ற அனுமதி கிடைத்தது. சிவப்புத் தரை, கருங்கழுகு, கூடவே பொன் விளிம்பிட்ட ஒரு சிவப்பு நட்சத்திரம். கம்யூனிச நாட்டில் நட்சத்திரம் இல்லாமல் கழுகு பறக்க முடியாது.

1989ல் செர்பியத் தலைவர் மிலோஷெவிச் தன்னாட்சியைப் பறித்தார். அல்பேனியர்கள் தங்களுக்கென்று மறைமுக அரசு, வீட்டுக்குள் பள்ளிக்கூடம் என்று நடத்திய தொண்ணூறுகளில் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு அல்பேனியக் கொடியையே தங்கள் கொடியாக வைத்துக்கொண்டார்கள். செர்பியப் படைகளோடு நடந்த 1998, 99 போரில் செத்தவர்களின் சவப்பெட்டிகளை மூடியதும் அதே சிவப்புத் துணிதான். இதை மறந்துவிட்டு 'ஏன் அவர்கள் நீலக் கொடியை நேசிக்கவில்லை' என்று கேட்பதில் பொருளில்லை.

நேட்டோவின் 78 நாள் குண்டுவீச்சுக்குப் பிறகு 1999 ஜூனில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1244ஆம் தீர்மானப்படி நிர்வாகம் ஐ.நா. கைக்குப் போனது. அலுவலகங்களில் ஐ.நா.வின் வெளிர்நீலக் கொடி ஏறியது. ஒரு நாட்டின் காவல் நிலையத்திலும் சுங்கச்சாவடியிலும் உலக அமைப்பின் கொடி. அப்படி ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள்.

இடையில் ஒருவர் சொந்தமாகக் கொடி செய்து பார்த்தார். அமைதிவழித் தலைவர் இப்ராஹிம் ருகோவா, கழுத்தில் எப்போதும் பட்டுத்துணி சுற்றியிருப்பாரே, அவர்தான். 2000 அக்டோபரில் 'டர்டானியா கொடி' ஒன்றை முன்வைத்தார். நீலத் தரை, நடுவில் பொன் விளிம்பிட்ட சிவப்பு வட்டம், அதற்குள் கருங்கழுகு, அதன் மேல் டர்டானியா என்ற பெயர். ரோமானியர் காலத்துப் பெயரைத் தோண்டியெடுத்து, அல்பேனியாவிலிருந்து வேறான ஒரு கொசோவோ அடையாளத்தை உருவாக்கப் பார்த்தார். அவர் கட்சிக்கு வெளியே அது பெரிதாக எடுபடவில்லை. 2006ல் அவர் மறைந்தார். நீலத் தரை என்ற எண்ணம் மட்டும் எப்படியோ மிஞ்சியது.

சுதந்திரம் அறிவித்த நாளில் மக்கள் எந்தக் கொடியைப் பிடித்தார்கள்?

அவையில் இருந்த 109 உறுப்பினர்களும் ஆதரித்து வாக்களித்தார்கள். செர்பிய உறுப்பினர்கள் வரவில்லை. உள்ளே நீலக் கொடி விரிந்தபோது வெளியே தலைநகர் பிரிஷ்டினாவின் தெருக்கள் முழுக்கச் சிவப்பும் கறுப்பும்தான். அதற்கடுத்தபடியாக அமெரிக்கக் கொடி. புதுக் கொடியைப் பிடித்தவர்கள் குறைவு. அன்று காலை வரை அப்படியொரு கொடியே இல்லையே, எங்கிருந்து வாங்குவது!

அதே நாளில்தான் நகர நடுவில் 'புதிதாய்ப் பிறந்தது' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லை ஆளுயரத்தைத் தாண்டிய எழுத்துகளில் நிறுத்தினார்கள். வடிவமைத்தவர் ஃபிஸ்னிக் இஸ்மாயிலி. முதலில் மஞ்சளாக இருந்த எழுத்துகள் ஆண்டுதோறும் பிப்ரவரி 17ல் புது நிறம் பூசிக்கொள்கின்றன. 2013ல் கொசோவோவை அங்கீகரித்த நாடுகளின் கொடிகளையெல்லாம் அதில் வரைந்தார்கள். மக்கள் படமெடுத்துக்கொண்டதும் கையெழுத்துப் போட்டதும் அந்த எழுத்துகளோடுதான்.

இன்றும் கல்யாண ஊர்வலக் கார்களின் ஜன்னலிலிருந்து நீள்வது பெரும்பாலும் சிவப்புக் கொடி. நவம்பர் 28 வந்தால் கேட்கவே வேண்டாம். 1443ல் அல்பேனியர்களின் வீரநாயகன் ஸ்கந்தர்பெக் குரூயா கோட்டையில் கழுகுக் கொடி ஏற்றியதாகச் சொல்லும் நாள் அது, 1912ல் அல்பேனியா விடுதலையை அறிவித்த நாளும் அதுவே. நீலக் கொடி அரசு அலுவலகத்துக்கு, சிவப்புக் கொடி வீட்டுக்கு என்று ஏறக்குறைய ஒரு பங்கீடு.

யார் இதை ஒரு நாட்டின் கொடியாக ஏற்கிறார்கள்?

அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளும் ஏற்கின்றன. ஒன்றியத்துக்குள்ளேயே ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா ஆகிய ஐந்தும் ஏற்கவில்லை. ரஷ்யா, சீனா, இந்தியா ஏற்கவில்லை. ஐ.நா.வில் உறுப்பினர் இடம் இல்லை. செர்பியாவைப் பொறுத்தவரை அது இன்றும் 'கொசோவோ மெத்தோஹியா தன்னாட்சி மாகாணம்'.

2010 ஜூலை 22 அன்று சர்வதேச நீதிமன்றம், சுதந்திர அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று 10க்கு 4 என்ற கணக்கில் கருத்துச் சொன்னது. கொசோவோ தனி நாடா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டும் பதில். இரு தரப்பும் அந்தக் கருத்தைத் தங்களுக்குச் சாதகமாகவே படித்துக்கொண்டன.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இதில் என்ன கவலை?

'இது முன்னுதாரணம் ஆகிவிடும்' என்ற கவலைதான். 2008 பிப்ரவரியில், வடக்கில் போர் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், இலங்கை வெளியுறவு அமைச்சு கொசோவோவின் அறிவிப்பைக் கண்டித்து உடனே அறிக்கை விட்டது. கொசோவோ எங்கே, கொழும்பு எங்கே என்று கேட்கத் தோன்றும். ஈழத் தமிழர்கள் பலர் அந்த நாட்களில் பிரிஷ்டினாவை எவ்வளவு ஆவலோடு பார்த்தார்கள் என்பது நினைவிருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது.

இந்தியாவின் பக்கம் இது ஒரு குத்துச்சண்டை வீராங்கனையின் கதையாக வந்தது. 2018 நவம்பரில் புது தில்லியில் மகளிர் உலகக் குத்துச்சண்டைப் போட்டி. கொசோவோவின் தோன்யெத்தா சாதிகுவுக்கு இந்தியா விசா தரவில்லை. சர்வதேச ஒலிம்பிக் சங்கம் கடிந்துகொண்டது. அவருக்கு ஒரு போட்டி போயிற்று.

செர்பியாவுக்குள் இந்தக் கொடியைக் கொண்டுபோக முடியுமா?

கொடியை விடுங்கள், கார் நம்பர் பலகையிலேயே பிரச்சினை. கொசோவோ பலகையில் நாட்டின் குறியெழுத்துகள் இருக்கும், செர்பியப் பலகையில் அவர்களுடைய சின்னம் இருக்கும். ஒருவரை ஒருவர் நாடாக ஏற்காதவர்கள் எல்லையில் அந்தப் பலகையை எப்படி ஏற்பார்கள்? செர்பியா நெடுங்காலம் கொசோவோ வண்டிகளைத் தற்காலிகப் பலகை மாட்டச் சொன்னது. 2021 செப்டம்பரில் கொசோவோவும் அதையே திருப்பிச் செய்ய, யாரின்யே, பர்னியாக் சாவடிகளில் பதற்றம், சாலை மறியல், சிறப்புக் காவல் படை.

செப்டம்பர் 30ல் பிரஸ்ஸல்ஸில் கண்டுபிடித்த தீர்வு என்ன தெரியுமா? ஸ்டிக்கர். எல்லையில் வண்டியை நிறுத்து, பலகையில் நாட்டுச் சின்னம் இருக்கும் இடத்தில் வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டு, உள்ளே போ. திரும்பும்போது உரித்துக்கொள். ஓட்டுநர் இறங்கிக் குனிந்து, நகத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்து, தன் நாட்டை மறைத்து, பிறகு திறந்து… இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் இந்தக் கூத்து ஓடியது. 2024 ஜனவரியில்தான் கைவிட்டார்கள்.

ரயிலையும் விட்டுவைக்கவில்லை. 2017 ஜனவரியில் செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து, கொசோவோவில் செர்பியர்கள் வாழும் வடக்கு மித்ரோவிட்சாவுக்குக் கிளம்பிய ரயிலின் பெட்டிகளில் செர்பியக் கொடி நிறத்தில், பல மொழிகளில், 'கொசோவோ செர்பியாவே' என்று எழுதியிருந்தது. எல்லைக்கு முன் ராஷ்கா நிலையத்திலேயே அது நின்றுவிட்டது.

வடக்கு மித்ரோவிட்சாவில் எந்தக் கொடி?

இபார் ஆற்றுப் பாலத்தின் தென்கரையில் அல்பேனியச் சிவப்பும் கொசோவோ நீலமும். வடகரையில் தெருவிளக்குக் கம்பங்களில் செர்பியாவின் சிவப்பு, நீலம், வெள்ளை. கொடியின் வரைபடத்தில் மேல் மூலையாகத் தெரிவது இந்தப் பக்கம்தான். 2023 மே மாதம் செர்பியர்கள் புறக்கணித்த தேர்தலில் வென்ற மேயர்களை நகராட்சிக் கட்டடங்களுக்குள் கொண்டுபோய் அமர்த்தியபோது மோதல் வெடித்தது. ஸ்வெச்சானில் நேட்டோ படையினர் பலர் காயப்பட்டார்கள்.

அப்படியானால் இந்தக் கொடியை யாருமே நேசிக்கவில்லையா?

நேசம் வந்தது. வந்த இடம் ஜூடோ பாய்.

பேயா நகரத்துப் பெண் மைலிண்டா கெல்மெண்டி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கொசோவோவுக்கு இடமில்லாததால் அல்பேனியாவின் கொடியில் போட்டியிட்டார். 2014 டிசம்பரில் ஒலிம்பிக் சங்கம் கொசோவோவைச் சேர்த்துக்கொண்டது. 2016 ரியோவில் தொடக்க விழாவில் கொடி ஏந்தி நடந்தவர் அவரே. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று, 52 கிலோ பிரிவில் தங்கம். கொசோவோவின் முதல் ஒலிம்பிக் பதக்கமே தங்கம். வரிகளில்லாத அந்தப் பண் ஒலிக்க, நீலக் கொடி நடுக் கம்பத்தில் மேலே போனது. பாட எதுவும் இல்லை, அழத்தான் முடிந்தது. டோக்கியோவில் திஸ்ட்ரியா கிராஸ்னிச்சியும் நோரா ஜாகோவாவும் இன்னும் இரண்டு தங்கம் சேர்த்தார்கள். எட்டு ஆண்டுகள் கம்பத்தில் வேலைக்காரன் மாதிரி நின்ற கொடி ரியோவுக்குப் பிறகுதான் வீட்டுக்குள் வந்தது என்பது என் கணிப்பு.

கால்பந்தில் கதை வேறு. 2016 மே மாதம் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமும் உலகச் சங்கமும் அடுத்தடுத்துக் கொசோவோவைச் சேர்த்துக்கொண்டன. ஆனால் கொசோவோ வேர் கொண்ட வீரர்கள் பலர் ஏற்கெனவே சுவிட்சர்லாந்து போன்ற அணிகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2018 உலகக் கோப்பையில் செர்பியாவுக்கு எதிராகக் கோல் போட்ட ஷாக்காவும் ஷாச்சிரியும் நெஞ்சின் மேல் இரு கைகளையும் குறுக்கே வைத்து, கட்டைவிரல்களைக் கோத்து, விரல்களைச் சிறகாக அடித்தார்கள். கழுகு! அபராதம் கட்டினார்கள். கொடியிலிருந்து துரத்திய பறவை கைவிரல்களில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

எல்லா மைதானங்களிலும் கொடிக்கு வரவேற்பு இல்லை. 2018ல் மாட்ரிட்டில் நடந்த உலகக் கராத்தே போட்டியில் கொசோவோ வீரர்கள் சொந்தக் கொடியோடு போட்டியிட ஸ்பெயின் விடவில்லை. 2021ல் செவில்லேயில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கொடியும் பண்ணும் அனுமதிக்கப்பட்டன, ஆனால் ஸ்பானியத் தொலைக்காட்சி கோல் கணக்குப் பலகையில் 'கொசோவோ'வின் சுருக்கத்தைச் சின்ன எழுத்தில் போட்டது. ஸ்பெயினுக்குப் பெரிய எழுத்து. அரசியல் நிலைப்பாட்டை எழுத்தளவில் காட்டுவது எப்படி என்று பாடம் எடுத்தார்கள்.

கொடியை மாற்றப்போவதாகப் பேச்சு உண்டா?

பேச்சு எப்போதும் உண்டு. ஆட்சிக்கு வந்த வெதெவெண்டோஸ்யே கட்சி எதிர்க்கட்சியாக இருந்த காலத்தில் அஹ்திசாரி திட்டத்தையும் அதிலிருந்து பிறந்த சின்னங்களையும் சேர்த்தே எதிர்த்தது. ஆனால் மாற்றுவது லேசில்லை. சின்னங்கள் பல இனத் தன்மையைக் காட்ட வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. சின்னங்கள் குறித்த சட்டத்தைத் தொட வேண்டுமானால் அவையின் பெரும்பான்மை மட்டும் போதாது. 120 இடங்களில் சிறுபான்மையினருக்கு ஒதுக்கிய 20 இடங்களின் பெரும்பான்மையும் தனியாக வேண்டும். அந்த 20ல் 10 செர்பியர்களுக்கு. கழுகைக் கொண்டுவர அவர்கள் கை தூக்குவார்களா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கைபேசியில் கொசோவோ கொடி எமோஜி இருக்கிறதே, அது எப்படி?

எமோஜிக் கொடிகள் நாடுகளின் ஈரெழுத்துக் குறியீட்டிலிருந்து உருவாகின்றன. கொசோவோவுக்கு அந்தச் சர்வதேசப் பட்டியலில் இடம் இல்லை. 'எக்ஸ்கே' என்பது பயனர்கள் தங்கள் தேவைக்கு வைத்துக்கொள்ள ஒதுக்கிய குறியீடுகளில் ஒன்று. ஐரோப்பிய நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்க, எமோஜிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

தொலைபேசி எண்ணும் இப்படித்தான். பல ஆண்டுகள் மொனாக்கோவின் 377ஐயும் ஸ்லோவேனியாவின் 386ஐயும் இரவல் வாங்கிக் கைபேசியில் பேசினார்கள், தரைவழிக்குச் செர்பியாவின் 381. 2016 டிசம்பரில் 383 கிடைத்தது.